ஒத்தை ஒடி

அரசாங்கத்தின் காகிதங்களில் அதற்கு "எஞ்சிய நிலம்" என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே எடைக்காரம்மாவுக்கு எரிச்சல் வரும். சாப்பிட்டுவிட்டுத் தட்டில் ஒதுக்கி வைத்ததைச் சொல்வதுபோல இருக்கிறது என்பாள். அவளைப் பொறுத்தவரை அது எடைமேடை. கல்லோ மணலோ கம்பியோ பழைய இரும்போ, எது ஏற்றிய லாரியானாலும் அவள் மேடையில் நின்று எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஊருக்குள் போகும். வெறும் வண்டிக்கு ஓர் எடை, பாரம் ஏற்றியபின் ஓர் எடை, இடையில் உள்ளதுதான் சரக்கு. இருபது வருடத்துக்கு மேல் இப்படி ஓடிய பிழைப்பு அது.

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று முன்பக்கத்தில் ஒரு பட்டை நிலத்தை எடுத்தார்கள். எடுத்த பட்டைக்கு அளந்து பார்த்துப் பணமும் கொடுத்தார்கள். அதில் அவளுக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் எடுக்காமல் விட்ட நிலத்தைப் பற்றித்தான். எடைமேடை என்பது தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புத் தட்டு. லாரி கோணாமல் ஏறி, அத்தனை சக்கரமும் தட்டுக்குள் நிற்க வேண்டும். ஒரு சக்கரம் வெளியே நின்றாலும் அது சுமக்கிற பாரம் எடையில் வராது. கோணாமல் ஏற வேண்டுமானால், சாலையை விட்டு இறங்கித் திரும்பிய லாரி உடம்பை நிமிர்த்திக்கொள்ள முன்னால் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் கொண்டுபோய்விட்டார்கள். புதுச் சாலையின் நடுவே எழுப்பிய தடுப்புச் சுவரால் அந்தப் பக்கத்திலிருந்து அகலமாக வளைந்து வரவும் வழியில்லை. மேடை இருக்கிறது, அறை இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. லாரி மட்டும் ஏற முடியவில்லை.

மேடையைப் பெயர்த்துக் குறுக்கே திருப்பிப் போட்டால் என்ன என்று யோசனை சொல்லாத ஆள் கிடையாது. நிலம் அகலத்தில் குறுகல். குறுக்கே போட்டால் பாதி மேடை பக்கத்துக்காரர் சுவருக்குள் போய்விடும். இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்துப்போனது. குட்டி வேன்கள் வந்தன, பழைய பேப்பர் வண்டிகள் வந்தன. பெரிய லாரிகள் வாசலைக் கடக்கும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயின. அது பழைய பழக்கத்துக்கான மரியாதை, வயிற்றுக்கு ஆகாது.

நிலத்தை விற்கலாம் என்றாலும் வந்து பார்த்தவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். அகலம் குறைந்த மனை, முன்னால் இடமில்லை, நடுவே மேடைக்கு அடியில் பெரிய குழி வேறு. அதனால்தான், எடுத்த பட்டையால் மிச்ச நிலத்தின் மதிப்பு விழுந்த அளவுக்கு நஷ்ட ஈடு கேட்டு அவள் கோர்ட்டுக்குப் போனாள். சாலைத்துறையின் பதில் சுருக்கமாக இருந்தது. சாலை அகலமானதால் அந்த நிலத்தின் மதிப்பு ஏறித்தான் இருக்கிறது, இறங்கவில்லை, உண்மையில் அவர் சந்தோஷப்பட வேண்டும். இதை அவளுடைய வக்கீல் படித்துக் காட்டினார். சந்தோஷத்துக்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள் கேட்டாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஓய்வு. ராத்திரி லாரிக்காரர்கள் கதவைத் தட்டித் தட்டி, சேர்ந்தாற்போல் ஒரு முழுத் தூக்கம் தூங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது. லாரிகள் நின்ற பிறகும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்து தொலைத்தது. பணம் வந்தால் மேடையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மகள் இருக்கும் ஊரில் மாடியேற வேண்டாத இரண்டு அறையாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட வேண்டும். வராவிட்டால் இந்த அறையில் இந்த நாற்காலியில் பேப்பர் வண்டிக்காகக் காத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இரண்டில் ஒன்று தெரிய ஐந்து வருடமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். டிரைவர்கள் மத்தியில் அவருக்கு "ஒத்தை ஒடி" என்று பெயர். மற்றவர்கள் முன்னே பின்னே என்று நாலு தடவை ஆட்டி அசைத்து நுழைக்கும் இடத்தில், அவர் ஸ்டேரிங்கை ஒரே ஒடியாக ஒடித்து, ரிவர்ஸ் கியரைத் தொடாமல் வண்டியை உள்ளே விட்டுவிடுவார். முதுகெலும்பில் தட்டு விலகி, இனிமேல் லாரியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னபின், மேடை அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுப்பது அவர் வேலையாயிற்று. லாரிகள் வந்த காலத்தில் அதிலும் ஒரு கெத்து இருந்தது. திணறுகிற டிரைவரைப் பார்த்தால் எழுந்துபோய்க் கை காட்டுவார். லாரிகள் நின்றதும் கை காட்ட ஆளில்லாமல் போயிற்று. பேச்சும் கூடவே நின்றது. நாளெல்லாம் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டு, போகிற லாரியைப் பற்றி, "மூணாவது கியர்ல உருட்டிக்கிட்டுப் போறான் பாரு" என்று முணுமுணுப்பதோடு சரி. அவளுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எந்த நேரத்தில் எது வரும் என்று அவளுக்கே தெரியாது.

கடைசியில், நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லி கோர்ட்டு ஓர் ஆளை நியமித்தது. அவரும் ஒரு வக்கீல்தான். இந்த வேலைக்கு மட்டும் ஆணையர் என்று பெயர். அவளுடைய வக்கீல் முன்கூட்டியே அவளைக் கூப்பிட்டு, ஒரு பெரிய லாரியைக் கொண்டுவந்து மேடையில் ஏற்றிக் காட்டச் சொல்லியிருந்தார். ஏறாததை ஆணையர் தன் கண்ணால் பார்த்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம், யாரும் நடிக்கவும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

நடிக்க வேண்டாம் என்ற செய்தி ஜல்லி லாரிக்காரருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அவர் இந்த மேடையில் வருடக்கணக்காக எடை போட்டவர், நல்ல மனுஷர். எடைக்காரம்மாவுக்கு உதவுகிறோம் என்ற உற்சாகத்தில் வெறும் வண்டியோடு வந்திருந்தார். ஆணையர் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். சாலைத்துறை இன்ஜினியர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். எதிர் டீக்கடையில் இருந்த பத்துப் பேரும் டம்ளரோடு வந்துவிட்டார்கள். ஜல்லிக்காரர் லாரியை இறக்கித் திருப்பினார். திருப்பியவர் மேடைக்கு ஒரு வண்டி தூரத்திலேயே நிறுத்தி, தலையில் கை வைத்து, ஐயோ முடியவில்லையே என்று எல்லாரையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் தடவை பக்கத்துச் சுவரை இடிப்பதுபோலப் போய், கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே போட்டு, நெற்றியைத் துடைத்தார். டீக்கடைக்காரரே சிரித்துவிட்டார்.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இவர் வேணும்னே பண்றார். ஓட்டத் தெரிஞ்ச ஆள் ஓட்டினா ஏறும். ஓட்டத் தெரியாததுக்கு ரோடு என்ன பண்ணும்?"

வக்கீல் கையைப் பிசைந்தார். ஆணையர் வேறு டிரைவர் யாராவது இருக்கிறார்களா என்று பொதுவாகக் கேட்டார். கேட்டது வக்கீலைத்தான். பதில் வந்தது டீக்கடைப் பக்கத்திலிருந்து. வாய் சும்மா இராத ஒருவர், "அதான் ஒத்தை ஒடி உள்ள உட்கார்ந்திருக்காரே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. தன் ஊர் ஆளின் பெருமையைச் சொன்னார், அவ்வளவுதான்.

எடைக்காரம்மா அறைக்குள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. "உங்க முதுகு" என்று ஆரம்பித்தாள். அவர் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். ஜல்லிக்காரரிடம் சாவியைக்கூடக் கேட்கவில்லை. கையை நீட்டினார், அவர் இறங்கிவிட்டார். லாரியின் படியில் கால் வைக்கும்போது முதுகு ஒரு கணம் பிடித்துக்கொண்டதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

முடியாது என்பது அவருக்கும் தெரியும், ஒரு தடவை நேர்மையாக முயன்று காட்டிவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். எல்லாருக்கும் நல்லது அதுதான். ஆனால் அவர் லாரியைச் சாலைக்குக் கொண்டுபோய், தடுப்புச் சுவரை உரசுகிற மாதிரி ஒட்டி நிறுத்தி, கண்ணாடியில் பார்த்து, பின்னால் வருகிற வண்டிகளைக் கையசைத்து நிற்க வைத்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. மனுஷன் காட்டிவிட்டு இறங்கப் போகிறவர் இல்லை. ஏற்றப் போகிறார்.

ஒரே ஒடி. லாரியின் மூக்கு வாசல் தூணுக்கு விரல் இடைவெளியில் திரும்பி, நிமிர்ந்து, மேடைமேல் ஏறியது. ரிவர்ஸ் என்ற பேச்சே இல்லை. வண்டி நின்றதும் டீக்கடைக் கூட்டம் கைதட்டியது. ஜல்லிக்காரர் தான் எந்தக் கட்சி என்பதையே மறந்து விசிலடித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் இன்ஜினியர்தான். வக்கீல் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எடைக்காரம்மா இயந்திரத்தைப் பார்த்தாள். சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓர் இடத்தில் நின்றன. அந்த லாரியின் வெற்று எடை அவளுக்குத் தெரிந்ததுதான், அதன் கதவிலும் எழுதியிருக்கிறது: பதினோரு டன்னுக்குச் சற்று மேல். இயந்திரம் பத்தையொட்டி நின்றுவிட்டது. அவள் எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். லாரியின் முகமும் நடுவும் நேராகத்தான் இருந்தன. ஆனால் நீள வண்டி திரும்பும்போது அதன் பின்பாகம் எப்போதும் உள்பக்கம் வெட்டும். கடைசிச் சக்கரம் மேடை விளிம்பைத் தாண்டி, பாதி இரும்பிலும் பாதி சிமென்ட்டிலுமாக நின்றது. இரண்டும் ஒரே மட்டம், இரண்டின்மேலும் ஒரே புழுதி. மறு பக்கம் நின்ற எவருக்கும் அது தெரிய வழியில்லை.

ஆக லாரி ஏறவில்லை. வழக்கு பிழைத்தது. அவள் மைக்கை எடுத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும். டிரைவர்களைக் கூப்பிட வைத்திருக்கிற மைக் அது, கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது. இன்ஜினியரின் கைதட்டல் அந்தரத்தில் நிற்கும்.

அப்போது அவர் லாரியிலிருந்து திரும்பி அவள் ஜன்னலைப் பார்த்தார். ஒரு கை ஸ்டேரிங்கில், ஒரு முழங்கை கதவில். அந்த முகத்தை அவள் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. கல்யாணமான புதிதில் இந்த மேடைக்கு முதல் வண்டியைத் தானே ஓட்டிவந்து ஏற்றிவிட்டு, இதே மாதிரிதான் திரும்பிப் பார்த்தார். அவள் மைக்கைத் தொடவில்லை.

ஆணையர் குடையை மடக்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தார். "எடை வருதாம்மா?" என்று கேட்டார்.

"வருது சார்" என்றாள்.

அவர் எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று பிற்பாடு தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். ஆணையர் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார். லாரி மேடையை விட்டு இறங்கியது. எண்கள் பூஜ்யத்துக்கு வந்தன. ஐந்து வருடத்து நடையையும் இரண்டு அறை வீட்டையும் ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டோமே என்று அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒத்தை ஒடியைப் பற்றித்தான் பேச்சு. ஆள்கள் தேடி வந்து கை கொடுத்தார்கள். அவர் சிரித்தார், ஆனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. பழைய ஆளாக இருந்தால் தூண் எவ்வளவு தூரம், கியர் எது என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார். அவள் முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். ஏங்க இப்படிப் பண்ணினீங்க என்று அவள் கேட்கவில்லை, அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். சண்டை போடுவதற்கும் தெம்பு வேண்டாமா?

ஆணையரின் அறிக்கை வந்ததும் வக்கீல் இரண்டு பேரையும் வரச் சொன்னார். அவர் அலுவலகம் ஒரு போட்டோ காப்பிக் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே இயந்திரத்தின் சூடும் மை வாசனையும் கூட வந்தன. தேர்ந்த டிரைவர் ஓட்டினால் கனரக வாகனம் தடையின்றி மேடையில் ஏறுகிறது, எடையும் பதிவாகிறது என்று அறிக்கையில் இருந்தது. இதை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு நம்மைத் துவைத்துக் காயப்போட்டுவிடும் என்றார் வக்கீல். அவருக்கும் அலுப்பு. ஏதோ கிடைத்ததை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம், ஆனால் இனிமேல் கிடைக்கிறது ஆட்டோச் செலவுக்குத்தான் காணும் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மடியிலிருந்த பையின் பட்டையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு வண்டி ஏறல சார்."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். நான் நேரில் நின்று பார்த்தேனே என்றார்.

"நீங்க முன்னாடி நின்னீங்க. பின்சக்கரம் வெளிய நின்னுச்சு. சீட்டுல உட்கார்ந்திருக்கறவனுக்கு இடுப்புல தெரியும். இரும்பு மேல நின்னா லேசா அமுங்கும், சிமென்ட்டு அமுங்காது. எத்தனை காட்டுச்சுன்னு இவகிட்ட கேளுங்க. இவளுக்கும் தெரியும்."

எடைக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. "ஏம்மா, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன், அதனால் சொல்லவில்லை என்று மனுவில் எழுத முடியுமா? எத்தனை காட்டியது என்று வக்கீல் பேனாவை எடுத்தபோது, கணவர் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். தண்ணீர் பாட்டில் அவர் பையிலேயே இருந்தது. அவர் போனபிறகு அவள் எண்ணைச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. வெகுதூரம் வந்தபின் அவள் கேட்டாள்.

"தெரிஞ்சும் ஏன் இத்தனை நாள் பேசாம இருந்தீங்க?"

"நீ மைக்கை எடுப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ வருதுன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா, உன்னைப் பொய் சொன்னவள்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

சற்று நேரம் கழித்து, "கைதட்டல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று பார்க்கிற இடத்தில் அவர் இல்லை.

மறுபடி பார்வையிடச் சொல்லி மனு போட்டு, அதற்குப் பதில் வந்து, பதிலுக்குப் பதில் போட்டு, விடுமுறை கழிந்து, நாள் குறிக்க அடுத்த கோடை வந்துவிட்டது. அதற்குள் மகள் பார்த்து வைத்த இரண்டு வீடும் கைமாறிப் போயின. இந்தத் தடவை இன்ஜினியர் விவரமாக வந்தார். சாலைத்துறையின் டிரைவரையே ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். லாரி மட்டும் அதே ஜல்லி லாரி. ஜல்லிக்காரர் வாயே திறக்கக்கூடாது என்று வக்கீல் கட்டளையிட்டிருந்ததால், அவர் டீக்கடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆணையர் இப்போது முன்னால் நிற்கவில்லை, கடைசிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார்.

துறை டிரைவர் மூன்று தடவை முயன்றார். ஒரு தடவை பின்சக்கரம் முழுக்க வெளியே, ஒரு தடவை தூணில் கீறல், ஒரு தடவை பாதி வண்டி சாலையிலேயே. இறங்கி வந்து, இது ஆகிற கதையில்லை சார் என்று இன்ஜினியரிடமே சொல்லிவிட்டார். இன்ஜினியர் விடுவதாக இல்லை. போன தடவை ஏற்றியவரே ஏற்றட்டும், எல்லாரும் பார்த்தோமே என்றார். ஆணையர் அறைப் பக்கம் திரும்பினார்.

கணவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "சும்மா போய்ட்டு வரவா, நெசமா ஓட்டவா?" என்று கேட்டார்.

சும்மா போய்விட்டு வாருங்கள் என்று சொல்வது எவ்வளவோ லேசு. முதுகுக்கும் நல்லது, வழக்குக்கும் பாதகமில்லை. கூட்டமும் வேண்டுமென்றேதான் விட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டு போகும், பெயரும் பிழைக்கும். ஆனால் அப்படிச் செய்துவிட்டு வந்து இந்த ஸ்டூலில் உட்காருகிறவர் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே ஓட்டுங்க" என்றாள்.

நிஜமாகவே ஓட்டினார். அதே தடுப்புச் சுவர், அதே கண்ணாடி, அதே கையசைப்பு. ஒரே ஒடி. மூக்கு தூணைத் தொடாமல் திரும்பியது. டீக்கடைக் கூட்டம் கையைத் தயாராக வைத்திருந்தது. வண்டி நின்றது. யாரும் தட்டவில்லை, ஏனென்றால் ஆணையர் சக்கரத்தின் அடியில் ஒரு குச்சியால் புழுதியைத் தள்ளிக்கொண்டிருந்தார். இரும்பின் விளிம்பு தெரிந்தது. சக்கரம் அதைத் தாண்டி நின்றது. என்னம்மா காட்டுகிறது என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அவள் மைக்கை எடுத்தாள். இருபது வருடமாக எத்தனையோ லாரிக்குச் சொன்ன அதே குரலில், வண்டியின் எடை இவ்வளவு, மேடை காட்டுவது இவ்வளவு, வண்டி மேடையில் சரியாக ஏறவில்லை என்று சொன்னாள். ஸ்பீக்கர் அதைச் சாலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கொண்டுபோயிற்று. டீக்கடையில் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். லாரிக்குள் இருந்த முகம் அவள் பக்கம் திரும்பவில்லை, நேரே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆணையர் எழுதி முடித்தார். இன்ஜினியர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். இனிமேல் யாராலும் அசைக்க முடியாது, பணம் வந்தே தீரும், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கால்தான் வலித்தது.

அவர் மெதுவாக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, இயந்திரத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எவ்வளவு குறைஞ்சுது?"

மைக்கில் கேட்டிருப்பார். இருந்தாலும் சொன்னாள். "ஒன்றரை டன்."

"அன்னைக்கு?"

இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. "ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல."

அவர் விரலால் தொடையில் எதையோ அளந்து பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"அப்போ அன்னைக்குத்தான் நல்லா ஏத்தியிருக்கேன்" என்றார். மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு, டம்ளரை அவளிடம் நீட்டினார்.